பொட்டா ஓட்டா

செர்டாங், கெடா
24.8.2025, ஞாயிற்றுக்கிழமை

சரவாக்கில், ஆற்றின் மேற்பகுதிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் என் மருமகள் ரூபினி டீச்சருக்கு, தாய்மாமன் காளிதாசன் தலைதொட்டு ஆசி சொல்லி அனுப்பும் காகிதம்.

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். படகில் ஏறி இறங்கும்போது கவனம். அந்த ஆறுகளில் முதலை உண்டு. முதலையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. தஞ்சோங் டாவாய் முகத்துவாரத்தில் ஒன்றை நான் வெறும் துடுப்பால் விரட்டியிருக்கிறேன். அது உடும்பு என்று உன் அம்மா சொல்வாள். அவள் அந்தப் படகில் இல்லை.

போன் இருக்கும்போது மாமா ஏன் காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். உனக்கு லைன் கிடைப்பதே சனிக்கிழமை கப்பிட் டவுனுக்கு வரும்போதுதான். அப்போது உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறாள். நான் வாய்ஸ் அனுப்பினாலும் பக்கத்தில் நின்று கேட்கிறாள். தமிழை அவள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நான் உறையை ஒட்டிவிடுவேன். அதனால்தான் இந்த வழி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படி, திருப்பி அனுப்பாதே.

முதலில் நல்ல செய்தி. உன் மாமன் இப்போது ஆராய்ச்சியாளன். சிரிக்காதே. கழுத்தில் தொங்கும் அட்டையில் என் படம் போட்டு, கீழே 'கூட்டு ஆய்வாளர்' என்று தமிழிலும் மலாயிலும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, பள்ளிக்கூடம் என்னை விட்டதா என்று உன் அம்மா கேலி பேசுவாளே, அவளிடம் அந்த அட்டையை மூன்று தடவை காட்டினேன். "ஜாகா வேலைக்கும் அட்டை, இதுக்கும் அட்டை. கழுத்து ஒண்ணுதானடா" என்றாள்.

விஷயம் இப்படித் தொடங்கியது. மே மாதம் ஒரு காலையில் நான் தோட்டத்து கேட்டில் ஜாகாவாகக் காவலில் இருந்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்து தடுப்புக் கட்டைக்கு முன்னால் நின்றது. இறங்கியவர் ஹனிஸ். செர்டாங் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் ஷம்சுதீன் அண்ணனின் மகள். யுனிவர்சிட்டியில் டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, படிப்பு டாக்டர். இந்த வித்தியாசத்தை நம் லயத்து வீட்டு ஜனங்களுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. முதல் கூட்டத்துக்கே பாதிப் பேர் கிளினிக் அட்டையோடு வந்து வரிசையில் நின்றார்கள். புல் மருந்தடிக்கும் கும்பலில் உன் அம்மாவோடு போகும் மருதம்மாள் அக்கா, முட்டிவரை சேலையை ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தாள்.

கேட்டில் நின்றபடியே அந்தப் பெண் தோட்டத்தைப் பற்றி என்னிடம் விசாரித்தார். நான் குரங்கைப் பற்றிச் சொன்னேன். உனக்குத் தெரியும், நம் பக்கம் வெள்ளிக்கிழமை லீவு. குரங்குக் கூட்டம் வெள்ளிக்கிழமைதான் லயத்துக்குள் இறங்குகிறது. கெரியான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேராக், அங்கே ஞாயிற்றுக்கிழமை லீவு. அங்கே அவை ஞாயிற்றுக்கிழமை இறங்குகின்றன. இரண்டு மாநிலத்து லீவும் குரங்குக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டில் போகிறவர் வருகிறவர் நேரத்தை எழுதும் நோட்டுப் புத்தகத்தில், பின்பக்கத்திலிருந்து குரங்குக் கணக்கையும் இரண்டு வருடமாக எழுதி வைத்திருக்கிறேன். அதைக் காட்டினேன். காரின் மேல் விரித்து வைத்துப் பக்கம் பக்கமாகப் படித்தார். "அண்ணே, இதுதான் ஆராய்ச்சி. நீங்க எங்களுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க" என்றார். அங்கேயே என்னை நியமித்துவிட்டார். எழுபது பேரில் என்னை மட்டும் தேர்ந்தெடுத்தார் என்று டவுனில் சொல்லியிருக்கிறேன். அப்போது கேட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பது உனக்கு மட்டும்.

பிறகு தோட்டத்து மண்டபத்தில், நம் டேவானில் கூட்டம். இங்கிருந்துதான் என் குழப்பம் ஆரம்பம். வழக்கமாக எப்படி? வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள், கேள்வி கேட்பார்கள், நாம் பதில் சொல்வோம், மைலோ கலக்கிக் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். இந்தப் பெண் தலைகீழாகச் சொல்கிறார். எதை ஆராய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள், கேள்வி உங்களுடையது, பதிலை எல்லோரும் சேர்ந்து தேடலாம் என்கிறார். மருந்துக் கும்பலை மேய்க்கும் மண்டோராக இருக்கும் பக்கிரிசாமி எழுந்து, "கேள்வியே தெரியாமலா யுனிவர்சிட்டி கட்டி வெச்சிருக்காங்க?" என்று கேட்டான். சபை சிரித்தது. டாக்டரும் சிரித்துவிட்டு, "அதேதான் அண்ணே. எங்களுக்குத் தெரியாத கேள்வி உங்ககிட்ட இருக்கு" என்றார். பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் எழுந்து, யாரும் கேட்காமலே, "நாலு பிள்ளைங்க, சொந்த வீடு இல்ல, ஐசி கார்டு நம்பர் வேணுமா?" என்றார்.

மூன்று கூட்டம் நடந்தது. ஒரு வழியாக ஆறு விஷயம் தேறியது. குரங்கு, ஆற்றுத் தண்ணீர், டெங்கிக் கொசு, விளக்கில்லாத பாதை, பிள்ளைகளின் பஸ், புல்லுக்கு அடிக்கும் மருந்து. கூட வந்த மாணவன் ஒருவன் ஆறுக்கும் பெரிய பெரிய படம் வரைந்து சுவரில் ஒட்டினான். குரங்குப் படம் என் யோசனைப்படி வந்தது. உள்ளதைவிடக் கொஞ்சம் கம்பீரமாக வரையச் சொன்னேன்.

ஜூலையில் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. ஆளுக்கு மூன்று சிவப்பு ஸ்டிக்கர், வட்டமாக, காசைவிடச் சின்னது. எந்த விஷயத்தை ஆராய வேண்டுமோ அந்தப் படத்தில் ஒட்ட வேண்டும். அதிகம் விழுந்த படத்தைத்தான் யுனிவர்சிட்டி எடுத்துக்கொள்ளும். தான் நின்றால் தன் முகத்தைப் பார்த்து ஒட்டுவார்கள் என்று சொல்லி, டாக்டர் மாணவனையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். போகும்போது ஏதோ சொன்னார். 'மனசுக்குப் பட்டதுல ஒட்டுங்க' என்றாரா, 'ஓட்டுப் போடுங்க' என்றாரா, இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விளக்கிச் சொல்லும் பொறுப்பு கூட்டு ஆய்வாளருக்கு. நானும் விளக்கினேன். ஆனால் குரங்குப் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, ஆண்கள் பக்கம் பார்த்து விளக்கினேன். இதை ஒளிப்பதில் பலன் இல்லை.

பெண்கள் வேலை முடிந்து பூட்ஸ் காலோடு அப்படியே வந்திருந்தார்கள். மருந்துப் படத்தில் ஒரு பெண். முதுகில் பம்பு, மூக்கில் துணி, தலையில் தொப்பி. இடையில் நெற்றி மட்டும் வெள்ளையாக அகலமாகத் தெரிந்தது. மருதம்மாள் அக்கா கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, நம்மள வரைஞ்சிட்டு நெத்திய அம்போன்னு விட்டுட்டான். வெறும் நெத்தியோடயா சுவத்துல நிக்கிறது?" என்று சொல்லி, கையில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து நடு நெற்றியில் வைத்தாள். அடுத்தவள் அது கோணல் என்று பக்கத்தில் ஒன்று வைத்தாள். பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி. வியர்வையில் தங்கள் பொட்டு அழிந்துபோனவர்கள், ஒன்றைப் படத்துக்கும் ஒன்றைத் தங்கள் நெற்றிக்கும் வைத்துக்கொண்டார்கள். உன் அம்மா மூன்றையும் படத்துக்கே வைத்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அந்தப் படத்துப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிவப்பு, அம்மை வார்த்த மாதிரி.

டாக்டர் உள்ளே வந்து எண்ணினார். மருந்துக்கு எழுபத்தொன்று. குரங்குக்கு நாற்பது என்று வைத்துக்கொள். டாக்டர் மறுபடியும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு பேர் இத நெனச்சிக்கிட்டு இருந்தீங்களா" என்று மெதுவாகக் கேட்டார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் பக்கிரிசாமி என் கையைப் பிடித்துக்கொண்டான். "டேய் காளி, நீயும்தானே பாத்த. அது பொட்டுடா, ஓட்டு இல்ல. நாளைக்கு மேனேஜர் யார் இத கெளப்பி விட்டதுன்னு என் கழுத்துல உக்காருவாரு லா. நீதானே பெரிய ஆய்வாளர், போயி உண்மையச் சொல்லு" என்றான். அவன் பயந்ததற்குச் சொன்னாலும் சொன்னது சரிதானே? கணக்கில் பிழை இருந்தால் சொல்வதுதான் ஆராய்ச்சிக்காரன் வேலை என்று டாக்டரே முதல் நாள் பாடம் எடுத்தார். அதோடு பிழை திருத்தினால் குரங்கு ஜெயிக்கும். இதுவும் என் மனசில் இருந்தது.

மறுநாள் ஷம்சுதீன் அண்ணன் கடைக்குப் போனேன். டாக்டர் அப்பாவுக்கு உதவியாகக் கல்லாப் பக்கம் நின்றிருந்தார். உள்ளதைச் சொன்னேன். பிழையை முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று மட்டும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். ஷம்சுதீன் அண்ணன் ஒரு தட்டில் மீன் தலை வைத்துக் கொடுத்து, "என் மவ ஆறு வருசம் படிச்சும் பொட்டுக்கும் ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியல, பாத்தியா" என்றார். "உங்க தமிழ்ல வளந்தேன்ல அத்தா, எப்படித் தெரியும்" என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தது.

அடுத்த வாரம் மறுபடியும் வைத்தார்கள். இந்தத் தடவை ஸ்டிக்கர் இல்லை, படமும் இல்லை. மறைப்புக்குப் பின்னால் டப்பா, ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு. ஒவ்வொருவராகப் போய்ப் போட்டார்கள். என்னைக் குரங்குப் பக்கம் நிற்க விடவில்லை. எண்ணினால் மருந்துக்கு எழுபத்தாறு. முன்னைவிட ஐந்து கூட.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. முதல் தடவை தெரியாமல் வைத்தார்களா, தெரிந்தே வைத்துவிட்டுப் பொட்டு என்று சாக்குச் சொன்னார்களா? மருதம்மாள் அக்காவிடமே கேட்டேன். "மொதல்ல பொட்டு, அப்புறம் ஓட்டு. ஒனக்கு என்னாடா கொறஞ்சு போச்சு?" என்றாள். சரி, முதல் தடவை பொட்டுதானே என்று உறுதி கேட்டேன். "பஸ்ஸுக்கு நெத்தி இல்ல, கொசுவுக்கு நெத்தி இல்ல, எங்க மூஞ்சிக்குத்தானே நெத்தி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இது ஆமாவா, இல்லையா? நீ படித்தவள், நீயே சொல். பக்கிரிசாமியும் இப்போது வாயை மூடிக்கொண்டான். அந்த ஐந்தில் ஒன்று அவனுடையது என்று எனக்கு ஒரு சந்தேகம். அவனும் பதினைந்து வருடம் பம்பு தூக்கினவன்தான்.

குரங்கைப் பற்றிக் கவலைப்படாதே. டாக்டர் என் கணக்கைப் போட்டோ எடுத்து வேறொரு பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்தே ஆள் வரும் போலிருக்கிறது.

இங்கே நிறுத்தி, ஒரு செம்பனைப் பழ லாரிக்குக் கட்டையைத் தூக்கிவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இனி எழுதப்போவதுதான் காகிதத்தின் காரணம்.

கேள்வியும் பெண்களேதான் அமைத்தார்கள். மருந்து கெட்டதா நல்லதா என்று கேட்கவில்லை. "எங்க ஒடம்புல எவ்வளவு நிக்குது, எங்க நிக்குது" என்று உன் அம்மாதான் சொன்னாள். டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அதற்கு ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்க வேண்டும். செப்டம்பர் பதின்மூன்று, சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும், யுனிவர்சிட்டி நர்ஸ் டேவானுக்கு வருகிறார். கும்பலில் இருபது பேர். கையெழுத்து வாங்கும் பொறுப்பு எனக்கு. பத்தொன்பது வாங்கிவிட்டேன். மருதம்மாள் அக்கா, பெருவிரல் போதாதா என்று கேட்டுக்கொண்டே அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

போடாதவள் உன் அம்மா.

சம்மதத் தாளை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அதில் ஒரு வரி இருக்கிறது. விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, இதனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த வரியை மறுபடி படி என்றாள். படித்தேன். இன்னொரு தடவை படி என்றாள். மூன்றாம் தடவை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இருபத்தேழு வருசமா எத்தன காயிதத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன் தம்பி. வேணாம்னு சொல்லலாம்னு எழுதி வந்த மொத காயிதம் இதுதான்." முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சந்தோஷப்பட்டுக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கேள்வியைச் சொன்னவளே பதில் வேண்டாம் என்றால் நான் என்ன செய்வது? டாக்டரிடம் ஓடினேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்றேன். "நான் ஒரு தடவ கேட்டுட்டேன் அண்ணே. ரெண்டாவது தடவ கேட்டா அது கேக்கறது இல்ல, தள்றது" என்றார். ஆராய்ச்சியை விட்டுவிடுங்கள், கிளினிக்குக்காவது கூட்டிப் போங்கள் என்றும் சொன்னார். அதற்கும் கேட்டுப் பார்த்தேன். வெறும் அசதிக்கு யாராவது நம்பர் எடுத்து உட்காருவார்களா என்கிறாள்.

அசதி இல்லை ரூபினி. ஜூன் மாதம் என் பழைய பூட்ஸைக் கேட்டு வாங்கினாள். தன்னுடையது ஒழுகுகிறது என்றாள். நான் எடுத்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒழுகவில்லை. அவளுடையது ஐந்தாம் நம்பர், என்னுடையது எட்டு. இப்போது அந்த எட்டில்தான் போகிறாள். சாயந்தரம் கழற்றும்போது இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருக்கிறது.

கேட்டிலிருந்து உங்கள் வீட்டு வாசல் தெரியும். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிறவர்கள் வாசலை விட்டுக் கிளம்புவதையும் கேட்டைத் தாண்டுவதையும் நான் எழுதி வைப்பது வழக்கம். ஜனவரியில் உன் அம்மாவுக்கு ஆறு நிமிடம். மே மாதம் ஒன்பது. போன வாரம் பதினான்கு. நடுவில் இரண்டு இடத்தில் நிற்கிறாள், தண்ணீர்த் தொட்டியண்டை ஒரு தடவை, கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை. என்னைத் தாண்டும்போது மட்டும் வேகமாக நடக்கிறாள், கேலியும் பேசுகிறாள்.

இந்தக் கணக்கை டாக்டரிடம் கொண்டுபோனேன். முதல் வரியைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டார். "அவங்க சம்மதிக்காம இத நான் படிக்கக் கூடாது அண்ணே. தயவுசெஞ்சு எடுத்துட்டுப் போங்க" என்றார். கண்ணை என் பக்கம் திருப்பவே இல்லை. குரங்குக் கணக்கை ஆசை ஆசையாகப் படித்தவர், என் அக்கா கணக்கைப் படிக்கமாட்டேன் என்கிறார். குரங்கிடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்? இது என்ன ஆராய்ச்சி, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் செய்தது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். அக்கா கையெழுத்து எனக்கு நன்றாகப் போட வரும். சின்ன வயதில் அவள் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கடைக் கூப்பன் வாங்கித் தின்றவன் நான். இருபதாவது தாளைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்துவிட்டேன். அவள் பெயரின் முதல் எழுத்து பு, அதை எழுதுவதற்குள் மூடிவிட்டேன். மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாளே, அந்த வரியை நான் எப்படி அழிப்பேன்?

அவள் ஏன் மறுக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மருதம்மாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்: "ரத்தத்துல ஒண்ணு தெரிஞ்சா அந்தப் புள்ள வேலைய விட்டுட்டு நாளைக்கே பறந்து வந்து நிக்கும். இன்னும் நெலப்படுத்தக்கூட இல்ல. தெரியாம இருந்தா எல்லாருக்கும் நல்லது." உனக்கு வேலை உறுதியாகும் கடிதம் வர இன்னும் எத்தனை மாதம் என்று அவள் காலண்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். கோடு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். பதினான்கு நிமிடம் அதுவரை பதினான்காகவே இருக்குமா? மருந்தா, சர்க்கரையா, வேறு எதுவுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததால்தானே ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்று. கையெழுத்துப் போடு என்று அம்மாவிடம் சொல்லாதே. சொன்னால் நான் எழுதியது தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியாது. ஆறாம் தேதி சனிக்கிழமை நீ டவுனுக்கு வந்து பேசும்போது, பேச்சோடு பேச்சாக இப்படிச் சொல்: 'அம்மா, வேலை உறுதியாகும்வரை என்னால் அங்கே வரவே முடியாது. யாருக்கு உடம்புக்கு என்ன வந்தாலும் வரமாட்டேன். மாமா பார்த்துக்கொள்வார்.' கொஞ்சம் கடுமையாகவே சொல். அவள் முகம் வாடும். பக்கத்தில் நான் இருப்பேன். நீ வரமாட்டாய் என்று நம்பிவிட்டால், பயப்பட அவளுக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. பேனாவை அவளே கேட்டு வாங்குவாள், அது அவள் கையெழுத்தாக இருக்கும்.

ரூபினி வரமாட்டேன் என்று என்னிடம் சொல்லிவிட்டாள் என்று நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சிரித்துவிட்டாள். காளி சொன்னால் பாதிதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோட்டத்துக்கே தெரியும். உனக்கோ பொய் வராது. அதனால்தான் வார்த்தையை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், அப்படியே படித்துவிடு. நீயும் மற்றதை எல்லாம் பாதியாக எடுத்துக்கொள். பூட்ஸையும் நிமிடத்தையும் மட்டும் குறைக்காதே. அவற்றில் நான் ஒன்றும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அவள் ரத்தம் கொடுத்த பிறகு நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கப்போவதில்லை. வா என்றும் எழுதவில்லை. தகவலுக்காக மட்டும் சொல்கிறேன், பினாங்கு ஏர்போர்ட் இங்கிருந்து ஒரு மணி நேரம். நான் ஓட்டினால் நாற்பது நிமிடம்.

நீ நன்றாக இரு. உன் அம்மாவும் நீயும் நெடுங்காலம் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு நன்றாக இருங்கள்.

உன் மாமன்,
கு. காளிதாசன்
கூட்டு ஆய்வாளர்